நான்கு ஆண்டுகளாக ஒரே ராடு: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். 2021 ஆகஸ்டில், 41 வயதில், பளு தூக்கும் பயிற்சிக்காக 20 கிலோ எடையுள்ள ஏழு அடி இரும்பு ராடு ஒன்றையும் அதன் இரு முனைகளிலும் மாட்ட 117.5 கிலோவுக்குப் பிளேட்டுகளையும் வாங்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக வேனில் ஏற்றி வந்து வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கினேன். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள், ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்சில் படுத்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், நின்றபடி தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ், ராடைக் குனிந்து இழுக்கும் ரோயிங் என்ற ஐந்தை மட்டுமே, பெரும்பாலும் ஐந்து ரெப்ஸ் (அதாவது நிறுத்தாமல் ஐந்து முறை) கொண்ட செட்டுகளாகச் செய்து வருகிறேன். இடையில் எட்டு மாதம் வழி தவறியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆறு மாதத்தில் எடை தானாக ஏறியது. வெறும் ராடில் தொடங்கிய ஸ்குவாட், ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ கூட்டக் கூட்ட, 80 கிலோவைத் தொட்டது. அந்தப் பெருமையில் மகனிடம் கைபேசியைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து படம் பிடிக்கச் சொன்னேன். படத்தில் நான் பாதிதான் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன். இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கினால்தான் அது முழு ஸ்குவாட். ஊரில் பஸ்கி எடுத்துப் பழகிய பெரியவர்கள் யாரும் என்னுடையதைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். எடையை 55 கிலோவுக்குக் குறைத்து மீண்டும் தொடங்கினேன். நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்க இன்றும் கூச்சமாக இருந்தாலும், நான்கு ஆண்டுகளில் நான் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

டெட்லிஃப்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எந்த மாஸ்டரும் அல்ல, எங்கள் தொழிற்சாலையில் இலை மூட்டை இறக்கும் அண்ணன் ஒருவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம் விவரம் கேட்டுவிட்டு, "மூட்டைய நெஞ்சோட அணைச்சுத் தூக்குங்க சார், தள்ளிப் புடிச்சா இடுப்பு போயிரும்" என்றார். ராடு உடலை விட்டு விலக விலக, அதே எடை இடுப்புக்குப் பல மடங்காகக் கனக்கும். ராடைக் கணுக்காலுக்கு மேல் எலும்போடு ஒட்டி வைத்து, முதுகை வளைக்காமல், மூச்சை இழுத்து அடக்கி வயிற்றை இறுக்கிக்கொண்டு தரையைக் காலால் தள்ளுவது என்ற பாடம் முழுவதும் அவருடைய அந்த ஒரு வரியில் இருந்தது. மூச்சை அடக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இனிப் பொருட்களின் தரம். முதல் ஆண்டு முழுக்க, பெஞ்ச் பிரஸ் செய்யும்போது ராடு வலப்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. இடது தோள் பலமானது, வலது தோள் பலவீனமானது என்று எண்ணி வலக்கைக்குத் தனிப் பயிற்சியெல்லாம் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தேகம் வந்து, நான்கு 20 கிலோ பிளேட்டுகளையும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் இலை எடை போடும் தராசில் வைத்தேன். 19.1, 19.8, 20.4, 20.6 என்று காட்டியது. நான் வழக்கமாக மாட்டிக்கொண்டிருந்தவை 19.1-உம் 20.6-உம், கனமானது எப்போதும் வலப்பக்கச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு இரும்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். இப்போது பிளேட்டின் பின்புறம் உண்மை எடையைப் பெயின்டால் எழுதி, 20.4-ஐயும் 20.6-ஐயும் ஜோடியாக வைத்திருக்கிறேன். வாங்கும் இடத்திலேயே தராசில் வைத்துப் பார்த்து ஜோடி சேர்த்து வாங்குவது நல்லது.

இங்கே துரு பெரிய தொல்லை. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும். மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். கைப்பிடியில் உள்ள சொரசொரப்பான பகுதியில்தான் முதலில் செம்மண் நிறம் படரும். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று பார்த்தால், அது இங்கே பாதி நாள் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து கிடக்கிறது. மாதம் ஒருமுறை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது. தரைக்கு மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் விரிப்பைப் போட்டிருக்கிறேன்.

சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்காதா என்று கோவை நண்பர்கள் கேட்பதுண்டு. ஐந்து ரெப்ஸ் என்பது சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. அதற்குத் தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஆற்றலே பெரும்பகுதி போதும் என்பதால், செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம் உட்கார்ந்தால் சிரமம் தெரிவதில்லை. குளிர்தான் தொந்தரவு. மார்கழி அதிகாலையில் ராடைத் தொட்டாலே கை விறைக்கும். வெறும் ராடில் இரண்டு செட் கூடுதலாகச் செய்யாமல் நான் எடை மாட்டுவதில்லை.

வழி தவறிய எட்டு மாதம் இரண்டாம் ஆண்டில் வந்தது. யூடியூப் பார்த்து, ஒரு நாள் மார்பு, ஒரு நாள் கை என்று பிரித்து, கேபிள், ரப்பர் பட்டை, கிரிப்பர் எல்லாம் வாங்கினேன். வியர்த்தது, மறுநாள் வலித்தது, ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஸ்குவாட் 85-இலிருந்து 87.5 கிலோவுக்கு வந்ததாகத்தான் நோட்டு சொல்கிறது. நான் கைவிட்டிருந்தது சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே, காயம்பட்ட சிப்பாய்களின் கால்களை மீட்பதற்காக தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் கையாண்டது. 1945-இல் அதை எழுதியும் வைத்தார். நான் வாங்கிய கேபிளும் பட்டையும் கிரிப்பரும் இப்போது மாடிப் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கின்றன.

இன்றைய நிலவரம்: என் உடல் எடை 70 கிலோ, ஸ்குவாட் 115, பெஞ்ச் 75. டெட்லிஃப்டில் கையிலுள்ள பிளேட்டுகள் அத்தனையையும் மாட்டி 137.5 கிலோ ஒருமுறை தூக்கிவிட்டேன். ஓவர்ஹெட் பிரஸ் மட்டும் பிடிவாதமாக 47.5-இல் நின்றுவிட்டது. எடை கூடியதும் முதுகைப் பின்னால் வளைத்து மார்பால் தள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. இதே கள்ளத்தனம் முற்றி, நடுவர்களால் தீர்மானிக்க முடியாமல் போனதால்தான் 1972-க்குப் பிறகு ஒலிம்பிக் பளுதூக்குதலில் பிரஸ் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இப்போது புட்டத்தை இறுக்கி நிமிர்ந்து நிற்கிறேன். அப்படி நின்றால் 2.5 கிலோவை ஒரே தாவலில் கூட்ட என் தோளால் முடியவில்லை. எனக்குக் கடையில் கிடைத்த மிகச் சிறிய பிளேட் 1.25 கிலோ, ஜோடியாக மாட்ட வேண்டும். அதனால் லேத் பட்டறையில் சொல்லி, அரை கிலோ இரும்பு வளையம் நான்கு கடைந்து வாங்கி, அவற்றையும் இலைத் தராசில் சரிபார்த்துக்கொண்டேன். சென்ற வாரம் இரண்டை மாட்டி 48.5 கிலோவை ஐந்து முறை தூக்கினேன். அடுத்த வாரத்துக்கு நோட்டில் 49.5 என்று எழுதி வைத்திருக்கிறேன்.