கெட்டுப்போன கேமரா கார்டு: போட்டோரெக்கா, டிஎம்டிஇயா, லேபா?

கேமராவில் போட்டால் ‘கார்டைப் படிக்க முடியவில்லை’, கணினியில் செருகினால் ‘ஃபார்மட் செய்யட்டுமா?’. இந்த நிலையில் வலையில் தேடினால், ஒவ்வொரு நிறுவனமும் தன் மென்பொருளுக்கே முதலிடம் கொடுத்துப் போட்ட பட்டியல்கள்தான் வந்து விழும். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு இரண்டை மட்டும் பாருங்கள்: கார்டுக்கு உயிர் இருக்கிறதா? போனது படமா, வீடியோவா? போட்டோரெக், டிஎம்டிஇ என்ற மீட்பு மென்பொருள்களில் ஒன்றா, தரவு மீட்கும் லேபா, எந்த வழி உங்களுக்கு என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்யும்.

உயிர் இருக்கிறதா என்பதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டிவிடும். 64 ஜிபி கார்டு அங்கே 59 ஜிபி சொச்சம் என்று தெரிந்தால் நல்லது. கணக்கிடும் முறைதான் வேறு, இடம் எங்கும் போகவில்லை. பூஜ்யம் என்றோ சில எம்பி என்றோ காட்டினால், வேறொரு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். அங்கும் அதே கதை என்றால் பெரும்பாலும் உள்ளே நினைவகத்தை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கினாலும் சரி, இலவசமாக இறக்கினாலும் சரி, எந்த மென்பொருளும் அதன்பின் உதவாது.

உயிருள்ள கார்டு என்றால் பலரும் முதலில் ஓடுவது விண்டோஸோடு வரும் வட்டுச் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கிடம். என் பார்வையில் இருப்பதிலேயே மோசமான தேர்வு அதுதான். அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கார்டின் பதிவேட்டை, ஒழுங்குபடுத்துவது. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பில்லை. திருத்துவதையெல்லாம் கார்டின் மேலேயே எழுதும். சொந்தக்காரன் தெரியாத துண்டுகளை ஃபவுண்ட் 000 என்ற ஃபோல்டரில் சிஎச்கே ஃபைல்களாகக் குவித்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிடும். ஒரு ஆவணத்தின் நகல் மட்டும் இருந்த பென் டிரைவுக்கு அது போதும். திரும்ப எடுக்க முடியாத படங்கள் உள்ள கார்டில் அதைக் கை வைக்க விடக்கூடாது.

ரெகுவா என்ற மீட்பு மென்பொருள் இன்னொரு பிரபலம். தவறுதலாக அழித்த படத்தை மீட்க வசதியானது, பழகவும் எளிது. ஆனால் ஃபைல் சிஸ்டமே சிதைந்த கார்டைக் கொடுத்தால், இது என்ன வகை என்று தெரியவில்லை என்று கைவிரித்துவிடும். நம் கேஸுக்கு அது ஆகாது.

உண்மையான போட்டி போட்டோரெக்குக்கும் டிஎம்டிஇ போன்றவற்றுக்கும் இடையேதான். இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

போட்டோரெக் ஃபைல் சிஸ்டத்தைக் கண்டுகொள்வதே இல்லை. கார்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டே போய், ஜேபெக் ஃபைல் தொடங்கும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் போன்ற அடையாள பைட்டுகளைத் தேடிப் பிடிக்கும். பொருளடக்கம் கிழிந்த புத்தகத்தில் அத்தியாயத் தலைப்புகளை வைத்தே பிரிப்பது மாதிரி. முற்றிலும் இலவசம், திறமூலம். கறுப்புத் திரையில் அம்புக்குறி விசைகளால் ஓட்ட வேண்டும் என்பது சிலருக்குக் கசக்கும். அவர்களுக்கு க்யூ போட்டோரெக் என்ற ஜன்னல் வடிவமும் கூடவே வருகிறது. விலை வேறு இடத்தில் கொடுக்கிறோம்: பழைய பெயர், ஃபோல்டர் எதுவும் திரும்பாது. எஃப் எழுத்தும் நீண்ட எண்ணுமாகப் பெயர் சூட்டிய ஃபைல்கள் குவியும், இடையிடையே தபால்தலை அளவு தம்ப்நெயில்களும் கலந்திருக்கும். படத்துக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் குறிப்பில் தேதி பத்திரமாக இருப்பதால், அதைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளைக் கொண்டு மீண்டும் அடுக்கிவிடலாம்.

டிஎம்டிஇ எதிர்ப்பக்கம். ஃபைல் சிஸ்டத்தில் மிச்சமிருக்கும் டைரக்டரி பதிவுகளைத் தேடி எடுத்து, கேமரா படங்களைச் சேமிக்கும் டிசிஐஎம் ஃபோல்டரைப் பழைய பெயர்களோடு நிறுத்திக் காட்டும். முகப்பைப் பார்த்தால் கொஞ்சம் மிரட்டும். இலவசப் பதிப்பிலேயே ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டரிலிருந்து 4000 ஃபைல்கள் வரை எடுக்கலாம். ஒரு கேமரா கார்டுக்கு இது தாராளம். ஆர்-ஸ்டூடியோவும் இதே ரகம்தான், காசு கேட்கும்.

புதிதாக ஃபார்மட் செய்த கார்டில் கேமரா படங்களை வரிசையாகவே எழுதும். அதனால் படங்களைப் பொறுத்தவரை போட்டோரெக் ஏமாற்றுவது அபூர்வம். கேமராவிலேயே அங்கொன்றும் இங்கொன்றும் அழித்துக்கொண்டே எடுத்த கார்டு என்றால் புதுப்படங்கள் இடைவெளிகளில் சிதறும். மேல்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வரும் படங்கள் அப்படிப்பட்டவை. வீடியோவில் இந்தச் சிக்கல் பல மடங்கு. சில ஆக்‌ஷன் கேமராக்கள் பெரிய ஃபைலையும் சிறிய முன்னோட்ட ஃபைலையும் ஒரே நேரத்தில் மாற்றி மாற்றி எழுதுவதால், துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும். அடையாள பைட்டை மட்டும் நம்பும் போட்டோரெக் அங்கே திணறும். எது எங்கே தொடர்கிறது என்ற குறிப்பு பிழைத்திருந்தால் டிஎம்டிஇக்கு வாய்ப்பு அதிகம். ஆகவே படம் போனால் முதலில் போட்டோரெக், வீடியோ போனால் முதலில் டிஎம்டிஇ என்பேன். பதிவு நடுவில் பேட்டரி போய் முடிவுறாமல் நின்ற எம்பி4 தனிக் கதை: அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோவை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் என்ற மென்பொருள் அதைப் பல நேரம் ஓடவைத்துவிடும்.

எதை ஓட்டுவதானாலும் முதலில் கார்டின் முழு இமேஜை, அதாவது உள்ளே இருப்பதை அப்படியே ஒரே ஃபைலாக்கிய நகலை, எடுத்துவிட்டு அதன் மேல் ஓட்டுங்கள். இரண்டுமே இமேஜ் ஃபைலைத் திறக்கும். ஒன்று சொதப்பினால் அடுத்ததை முயலலாம், கார்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. வாசிக்கும்போது பிழை வரும் கார்டுக்கு இமேஜ் எடுக்க ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவிதான் சரி. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பும். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

லேப், கன்ட்ரோலர் செத்த கார்டுக்கும், உடைந்த கார்டுக்கும், வாசிக்க வாசிக்கச் சூடேறி அறுந்துபோகும் கார்டுக்கும். மைக்ரோ எஸ்டியில் எல்லாமே ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருக்கும். மேல்பூச்சைச் சுரண்டி, அடியில் உள்ள நுண்புள்ளிகளில் கம்பி பற்றவைத்து நினைவகத்தை நேரடியாக வாசிக்கிறார்கள். கன்ட்ரோலர் கலைத்துப்போட்ட தரவை அதன்பின் கணக்குப்போட்டு அவிழ்க்க வேண்டும். கட்டணம் கூடுவது இதனால்தான். எதுவும் கிடைக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டுமா, பணம் கட்டுமுன் கிடைத்த ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா என்று கார்டைக் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கேமரா மெனுவில் லோ லெவல் ஃபார்மட்டை (கார்டு முழுவதையும் துடைக்கும் வகை) தேர்ந்து அழித்த கார்டை மட்டும் கொண்டுபோய்க் காசைக் கரைக்க வேண்டாம்.