கிரியாட்டினினா, யூரின் அளவா?

ஏற்காட்டிலிருந்து பெரியவர்களைச் சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் துணைக்கு இருப்பவர்கள் கேட்பது இது: "தினம் ரத்தம் எடுக்கறாங்களே, யூரினையும் அளக்கணுமா?" இரண்டுமே சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். ரத்தத்தில் பார்ப்பது கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு.

செலவு: யூரினுக்கு அளவுக் குவளை ஒன்று போதும். கிரியாட்டினினும் பெரிய செலவில்லை.

வேகம்: யூரின் முந்தும். 50 கிலோ எடைக்கு 6 மணி நேரத்தில் 150 மி.லி.கூட வரவில்லையென்றால் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். கிரியாட்டினின் ஏற ஓரிரு நாள் பிடிக்கும். 48 மணி நேரத்தில் 0.3 (மி.கி./டெ.லி., ரிப்போர்ட்டில் mg/dL) கூடினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புதான்.

நம்பகம்: வயசு விளையாடுவது இங்கேதான். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 1.1 என்றால் 30 வயது ஆணுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 90 மி.லி.க்கு மேல். தசை வற்றிய 78 வயதுப் பாட்டிக்கு அதே 1.1, சுமார் 50தான்! ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று பார்த்து நிம்மதியடையாதீர்கள்; பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். யூரினும் ஏமாற்றும்: நீர் பிரிய ஊசி போட்டால் அளவு கூடும், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்தால் குறையும்.

டியூப் போட்டவருக்கு யூரின் பையின் கோடுகளைப் பாருங்கள். டயபர் என்றால் கிரியாட்டினின்தான். 65 தாண்டி, வாந்தி பேதியோடு வந்தவருக்கு இரண்டும் வேண்டும். வீட்டில் முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் (சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரை) போட்டிருந்தால் அந்த அட்டையை டாக்டரிடம் முதலில் காட்டுங்கள்.