கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடையளுக்கு வெங்காயம் அனுப்புற ஆக்கள் ஒருக்கா வாசியுங்கோ

பொலிஸில முறைப்பாடு குடுத்திருக்கிறம், அதால கடைப் பேர் இதில போடேல்ல. ஆனா நடந்ததைச் சொல்லாம இருக்க மனம் கேக்கேல்ல.

பெரியப்பா யாழ்ப்பாணம் உரும்பிராயில தோட்டம். இந்த முறை 6 பரப்புக் காணியில சின்ன வெங்காயம். வழமையா சுன்னாகம் சந்தைக்குத்தான் குடுக்கிறவர், அங்க 100 கிலோவுக்கு 10 கிலோ கழிவு எண்டு வெட்டிப்போடுவினம், அந்த விசரில கொழும்புக்கு நேர அனுப்பிப் பாப்பம் எண்டு யாரோ குடுத்த புறக்கோட்டைக் கடை நம்பருக்கு எடுத்தவர். கிலோ 280 ரூபா, கொமிஷன் நூற்றுக்குப் பத்து, கழிவு இல்லை எண்டு அந்த முதலாளி போனில சொன்னவர். எங்கட தமிழ் தான், "ஐயா ஐயா" எண்டு நல்ல மரியாதை. பெரியப்பா நம்பி 20 மூடை, மூடைக்கு 50 கிலோ எண்டு சங்கத் தராசில நிறுத்துக் கட்டி லொறியில ஏத்திட்டார்.

நான் வெள்ளவத்தையில இருக்கிறன், அடுத்த நாள் காசு வாங்கப் போனது நான்தான். மரக்கறி மனிங் மாக்கெற் 2020இல பேலியகொடைக்குப் போனாலும் வெங்காயம், கிழங்கு, செத்தல் மிளகாய் மொத்த யாவாரம் இன்னும் புறக்கோட்டைப் பக்கம் தானே. நான் போகேக்க எல்லா மூடையும் பிரிச்சுக் கொட்டியாச்சு. கடையில தந்த கணக்குத் துண்டைப் பாத்தா மூடைக்கு 47 கிலோ, அதில திருப்பிப் பத்து வீதம் கழிவு, மிச்சம் 846 கிலோ, விலை 210, பிறகு கொமிஷன், லொறிக்காசு, மூடை இறக்கிற நாட்டாமைக் கூலி எல்லாம் போக கையில வாறது 1,51,894 ரூபா. சொன்ன விலைக்கு, கழிவில்லாம முழு நிறைக்கும் வந்திருந்தா 2,44,000 வரவேணும். ஒரு இரவில மூடைக்கு 3 கிலோ எப்பிடி அண்ணை காயும் எண்டு கேட்டன், "தம்பி, இந்தியா வெங்காயம் இறங்கிட்டுது, விலை விழுந்துட்டுது" எண்டார். நான் கேட்டது நிறையை.

அதிலயும் 40,000 தான் காசு, மிச்சத்துக்கு மூண்டு கிழமை தள்ளி செக். அது திரும்பி வந்துட்டுது. இப்ப போனும் எடுக்கிறாரில்லை.

தோட்டம் செய்யிற வீட்டில சாப்பாட்டுக்குக் குறை வராது எண்டு இங்க கனபேர் நினைக்கினம். அவை போடுறது வெங்காயம், அரிசி பருப்பு மா எல்லாம் சந்திக் கடையில கடன் கொப்பிக் கணக்குத்தான், வெங்காயக் காசு வந்தாத்தான் கொப்பி வெட்டுப்படும். 2021 உரத் தடையோட பட்ட கடனே இன்னும் முடியேல்ல, பெரியம்மான்ர சங்கிலி அடைவில. போன கிழமை போன் எடுக்கேக்க மீன் வாங்கி இருபது நாளாம் எண்டு சும்மா கதையோட கதையா சொன்னவ, பால்மா பேரப்பிள்ளைக்கு மட்டுமாம். அதைவிட எனக்குத் தாங்கேலாமப் போனது, அடுத்த போகத்துக்குக் கட்டித் தூக்கி வச்சிருந்த விதை வெங்காயத்தையும் எடுத்துச் சுன்னாகத்தில வித்துட்டினம்.

தயவுசெய்து ஆள் நிக்காம மூடை பிரிக்க விடாதேங்கோ. கொழும்பில சொந்தக்காரர் ஒருத்தர் விடிய லொறி இறங்கேக்கயே நிண்டு நிறுவையைப் படம் எடுக்கவேணும், நான் மத்தியானம் போனது பெரிய பிழை. விலை, கழிவு, கொமிஷன் மூண்டையும் வட்ஸ்அப்பில எழுத்தில வாங்குங்கோ, போன் கதை ஒண்டுக்கும் உதவாது. மத்திய வங்கி தினம் போடுற விலை அறிக்கையில புறக்கோட்டை, தம்புள்ள மொத்த விலை இருக்கு, அண்டைக்கு இரவுதான் நான் பாத்தன், 210க்குக் கிட்டவும் இல்லை. முதல் தரம் குடுக்கிற கடைக்கு இரண்டு மூடைக்கு மேல அனுப்பவே வேண்டாம், செக்கும் வேண்டாம்.

இதே மாதிரி 47 கிலோ கணக்குத் துண்டு வேற ஆரிட்டயும் இருந்தா எறியாதேங்கோ, எனக்கு மெசேஜ் போடுங்கோ. திங்கக்கிழமை திரும்பவும் பொலிஸுக்குப் போறன், ஒரு துண்டோட போறதிலும் பத்துத் துண்டோட போனா கேப்பினம்.