ஈவ் ஆன்லைன்: நீண்ட நாள் ஆடியவனின் அபிப்பிராயம்

ஈவ் ஆன்லைன், விண்வெளிக் கப்பல்களை வைத்து ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக ஆடும் விளையாட்டு. விளையாட்டாக மட்டும் பார்த்தால் சுமார் ரகம்தான். கப்பலை நாம் கையில் பிடித்து ஓட்டுவதில்லை. ஒரு கிரகத்தையோ, அடுத்த நட்சத்திர மண்டலத்துக்குத் தாவும் வாசலான ஸ்டார்கேட்டையோ சொடுக்கி அங்கே போ என்றால் அது போகும். சண்டையிலும் அப்படித்தான்: எதிரியைக் குறிவைத்து, எத்தனை கிலோமீட்டர் தள்ளிச் சுற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, துப்பாக்கிகளை முடுக்கிவிட்டால் மீதியை சர்வர் கணக்குப் போட்டுக்கொள்ளும். திரை முழுக்கப் பட்டியல்களும் எண்களும். இதை எக்ஸெல் விளையாட்டு என்று கிண்டல் செய்வது பழைய வழக்கம். 2022இல் நிறுவனமே மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து விளையாட்டை நிஜ எக்ஸெலுடன் இணைக்கப்போவதாக ரசிகர் விழாவில் அறிவித்தபோது அரங்கமே ஆரவாரம் செய்தது. எப்படிப்பட்ட ஆட்கள் இதை ஆடுகிறார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனம் உருவாக்கிய இது 2003 மே மாதம் வெளியானது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆன்லைன் விளையாட்டுகள் மூடப்பட்டுவிட்டன, இது ஓடிக்கொண்டிருக்கிறது. பல வருடமாக விட்டு விட்டு ஆடிவருகிறவன் என்ற முறையில் எனக்குப் புரிந்தது இது: இங்கே இழப்பு உண்மையானது, ஏமாற்றுவதற்குத் தடை இல்லை, ஓடிப்போக வேறு உலகமும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் வேறு எந்த விளையாட்டிலும் நான் பார்க்காத ஒரு சமூகத்தை உருவாக்கியிருக்கின்றன. அதன் நல்லதும் கெட்டதும் இதே இடத்திலிருந்துதான் வருகின்றன.

முதலில் அந்த ஒரே உலகம். மைன்கிராஃப்டில் ஒரு சர்வரில் சண்டை வந்தால் அடுத்த சர்வருக்குப் போய்விடலாம். ரஸ்டில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை வரைபடமே அழிக்கப்படும், பாதிப் பகை அதோடு போய்விடும். ஈவில் அப்படி இல்லை. சீனாவுக்கு மட்டும் தனி சர்வர், மற்ற எல்லோரும் லண்டனில் இருக்கும் ஒரே சர்வரில்தான். 7,800க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள், எல்லாம் ஒரே வரைபடம். நீங்கள் பத்து வருடத்துக்கு முன்னால் யாரைக் கவிழ்த்தீர்களோ அவர் இன்னும் அங்கேயே இருப்பார், பெயரையும் மறந்திருக்க மாட்டார். யார் யாரை எங்கே, என்ன கப்பலில் சுட்டார்கள் என்பதை ஆட்டக்காரர்கள் நடத்தும் இஸட்கில்போர்டு தளம் வரி வரியாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் உங்கள் பெயரைப் போட்டுப் பார்க்காமல் எந்த கார்ப்பும் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழு) உங்களைச் சேர்க்காது.

இரண்டாவது, இழப்பு. கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். காப்பீடு கொஞ்சம் தேற்றும், அதுவும் சாதாரணக் கப்பலுக்கு. போனால் போகட்டும் என்று சொல்ல முடியாத கப்பலை ஓட்டாதே என்பதுதான் புதிதாக வருகிறவனுக்கு எல்லோரும் சொல்லும் முதல் பாடம். கொடுமை மாதிரித் தெரியும், ஆனால் மொத்தப் பொருளாதாரமும் இதன் மேல்தான் நிற்கிறது. கப்பல்களில் பெரும்பாலானவை யாரோ ஒரு ஆட்டக்காரர் கனிமம் தோண்டி, இன்னொருவர் உருக்கி, வேறொருவர் கட்டி, கடைசியில் விளையாட்டின் பெரிய சந்தையான ஜிட்டாவுக்கு வந்தவை. அவை உடையாவிட்டால் புதிதாக யாரும் வாங்க மாட்டார்கள், தோண்டுகிறவனுக்கும் வேலை இருக்காது. தெற்கே போர் என்று செய்தி வந்தால் கனிம விலை ஏறும். சமாதானம் விரும்பி ஒரு மூலையில் பாறை தோண்டிக்கொண்டிருக்கும் மனிதர் அந்தப் போரால்தான் பிழைக்கிறார். இந்தச் சந்தையைக் கவனிக்க 2007இல் நிறுவனம் ஒரு பொருளாதார வல்லுநரையே வேலைக்கு வைத்தது. நான் அதிகம் ரசித்து ஆடியதும் இந்த வியாபாரப் பகுதியைத்தான். சண்டையில் நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை.

மூன்றாவதுதான் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும். ஏமாற்றலாம். விதிகளே அதை அனுமதிக்கின்றன. ஜிட்டாவின் பொதுச் சாட்டில் ஒரு நிமிடம் நின்றாலே போதும், "நீங்கள் அனுப்பும் இஸ்க்கை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று ஓடிக்கொண்டே இருக்கும் (இஸ்க் என்பது விளையாட்டுப் பணம்), நம் ஊரில் ஒரு காலத்தில் ஓடிய ஈமு கோழி விளம்பரம் மாதிரி. சின்னத் தொகைக்கு ஒழுங்காகத் திருப்பித் தருவார்கள். பெரிய தொகைக்கு ஆள் இருக்க மாட்டார். புகார் கொடுத்தால், அது விளையாட்டின் ஒரு பகுதி என்று பதில் வரும். விளையாட்டுப் பணத்தை நிஜப் பணத்துக்கு வெளியே விற்பது, தானாக ஆடும் மென்பொருளை (பாட்) வைத்து ஆடுவது, விளையாட்டுக்கு வெளியே ஆளைத் துன்புறுத்துவது, இவைதான் குற்றம்.

இதன் உச்சமாகச் சொல்லப்படுவது 2005இல் நடந்தது. கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படை, ஒரு கார்ப்புக்குள் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆட்களை நுழைத்து, நம்பிக்கையான பதவிகளுக்கு ஏற்றி, ஒரே நாளில் கிடங்குகளைக் காலி செய்து தலைவரையும் சுட்டு வீழ்த்தியது. 2009இல் இன்னும் விசித்திரம். அப்போது பெரிய வல்லரசாக இருந்த பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியின் ஒரு இயக்குநர் எதிரணியான கூன்ஸ்வார்மோடு சேர்ந்துகொண்டு, தன் பதவிக்கு இருந்த அதிகாரத்தை வைத்தே கூட்டணியைக் கலைத்துவிட்டார். வருடக்கணக்கில் போரிட்டும் முடியாதது ஒரு பொத்தானில் முடிந்தது.

இப்படி ஒரு உலகத்தில் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள் என்றுதானே தோன்றும்? நடப்பது வேறு. நம்பிக்கைக்கு ஒரு முறையை உருவாக்கிக்கொள்கிறார்கள். பெரிய கார்ப்பில் சேர வேண்டும் என்றால் உங்கள் பாத்திரத்தின் மெயில், பணப் பரிமாற்றம், சொத்து எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்பார்கள். அப்புறம் நேர்காணல். உள்ளே போனாலும் கிடங்குச் சாவி உடனே கிடைக்காது. கணக்குப் பார்க்க ஒருவர், லாரி ஓட்ட ஒரு துறை, உளவுக்கு ஒரு துறை, போரில் இழந்த கப்பலுக்கு ஈடு கொடுக்க ஒரு படிவம். ஆபீஸ் முடிந்து வந்து இன்னொரு ஆபீஸா என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான்.

நான் இருந்த ஒரு சின்ன கார்ப்பிலும் ஒருநாள் இயக்குநர் ஒருவர் கஜானாவைத் துடைத்துக்கொண்டு போனார். எல்லோரும் பணத்துக்காகக் கொதிப்பார்கள் என்று நினைத்தேன். அன்று டிஸ்கார்டில் பணத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. "போன வாரம்கூட என் பையன் பரீட்சை எப்படி எழுதினான் என்று விசாரித்தானே" என்று மலேசியாவிலிருந்து ஆடும் ஒரு அண்ணன் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மீதிப் பேர் சேர்ந்து அடுத்த கார்ப்பை ஆரம்பித்தோம். அந்தக் கூட்டம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. துரோகம் செய்ய வாய்ப்பிருந்தும் செய்யாதவர்கள் என்று ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது ஒரு தனி நெருக்கம். கஜானாவைத் தொடவே முடியாதபடி பூட்டி வைத்த விளையாட்டுகளில் பல மாதம் ஒன்றாக ஆடியும் அப்படி ஒரு நெருக்கம் எனக்கு வரவில்லை.

செய்தியில் வரும் மாபெரும் போர்களைப் பார்த்துத்தான் பலர் உள்ளே வருகிறார்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் நடந்தது எல்லோரும் கேள்விப்பட்டது. பராமரிப்புக் கட்டணம் ஒன்று கட்டப்படாமல் போனதில் தொடங்கி, 20 மணி நேரத்துக்கு மேல் நீண்டு, விளையாட்டின் மிகப்பெரிய கப்பலான டைட்டன்களில் 75 அழிந்தன. நிஜப் பண மதிப்பில் 3 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். 2020 டிசம்பர் கடைசியில் எம்2-எக்ஸ்எஃப்இ மண்டலத்தில் 257 டைட்டன்கள் போயின, அது கின்னஸ் சாதனை.

ஆனால் இப்படி ஒரு போருக்குள் இருப்பது எப்படி இருக்கும்? சர்வர் தாங்குவதற்காக விளையாட்டின் நேரத்தையே மெதுவாக்குவார்கள். டைடி என்று பெயர். அது 10 சதவீதத்துக்கு இறங்கினால் ஒரு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம். படையை நடத்தும் தளபதி (எஃப்சி) குறி சொல்கிறார், நீங்கள் எஃப்1 விசையை அழுத்துகிறீர்கள், துப்பாக்கி சுடுவதற்குள் போய் தோசை வார்த்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். நான் கலந்துகொண்ட பெரிய சண்டைகளில் நினைவிருப்பது சண்டை இல்லை, காத்திருந்த நேரத்தில் வாய்ஸ் சேனலில் அடித்த அரட்டைதான். பத்துப் பேர் சின்னக் கப்பல்களில் கிளம்பிப் போய் யாரையாவது வம்புக்கு இழுத்து, பாதிப் பேர் செத்துத் திரும்பும் சாயங்காலங்கள் அதைவிடப் பல மடங்கு மேல்.

இந்தியாவிலிருந்து ஆடுகிறவர்களுக்கு இணைய வேகம் பெரிய பிரச்சினை இல்லை. சர்வர் ஒரு நொடிக்கு ஒருமுறைதான் எல்லாவற்றையும் கணக்கிடுகிறது, அதனால் லண்டன் தூரம் அவ்வளவாக உறைக்காது. நேரம்தான் பிரச்சினை. விளையாட்டின் கடிகாரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐரோப்பியர்கள் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு வரும்போது நமக்கு இரவு 11.30 தாண்டிவிடும். அமெரிக்கர்கள் வரும்போது நாம் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருப்போம். தினசரி பராமரிப்புக்காக சர்வர் சில நிமிடம் நிற்பது சாயங்காலம் 4.30க்கு. விண்வெளிக் கோட்டைகளுக்குத் தாக்குதல் நேரத்தைப் பாதுகாப்பவர்களே தங்கள் வசதிக்குத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், போர்க்காலத்தில் அலாரம் வைத்து அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. தலைமையில் இருப்பவர்கள் இதில்தான் எரிந்துபோகிறார்கள். ஒரு நல்ல எஃப்சி களைத்து விலகினால் அவரோடு முப்பது பேர் மெல்லக் காணாமல் போவார்கள்.

சமூகத்தின் அசிங்கமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பான ஹைசெக் பகுதியிலும் உங்களைச் சுடலாம். கான்கார்ட் போலீஸ் வந்து சுட்டவனை அழிக்கும், ஆனால் உங்களைக் காப்பாற்றாது. மலிவான கேட்டலிஸ்ட் கப்பல்களில் கூட்டமாக வந்து, பல மாத உழைப்பில் வாங்கிய சரக்குக் கப்பலை உடைத்துவிட்டு, சாட்டில் அழவைத்துப் பார்ப்பதே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். கோட் என்ற கூட்டணி, தோண்டுகிறவர்களிடம் ஒரு கோடி இஸ்க் கொடுத்து அனுமதிச்சீட்டு வாங்கச் சொல்லி மிரட்டியது. அதில் நகைச்சுவை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது சுடுகிறவன் பக்கம் நின்றால் மட்டுமே தெரியும் நகைச்சுவை. 2014இல், ஏமாந்த ஒருவரைக் குரல் சேனலுக்கு வரவைத்து மணிக்கணக்கில் பாட வைத்துக் கேலி செய்த ஒலிப்பதிவு வெளியானபோதுதான் எதுவரை போகலாம் என்ற எல்லையை நிறுவனம் தெளிவாக வரைந்தது. அதற்கு முன்பே வரைந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதே உலகத்தில்தான் 2004 முதல் ஈவ் யூனிவர்சிட்டி என்ற கார்ப் புதியவர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறது. சிக்னல் கார்ட்டல் என்று ஒரு கூட்டம், வார்ம்ஹோல் என்னும், வழி அடிக்கடி மாறும் மண்டலங்களில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப்போய் மீட்பதையே வேலையாக வைத்திருக்கிறது. சுடவும் மாட்டார்கள். காட்டியா சே என்ற பாத்திரத்தை ஆடியவர், ஒரு கப்பலைக்கூட இழக்காமல் எல்லா மண்டலங்களுக்கும் போய்வந்தார். பத்து வருடம் பிடித்தது. அதற்காக விளையாட்டுக்குள் அவருக்குச் சிலை வைத்தார்கள். சுடுகிறவர்கள் நிறைந்த இடம் என்பதால்தான் அதற்கு மதிப்பு.

நிறுவனத்துக்கும் ஆட்டக்காரர்களுக்கும் உள்ள உறவு ஒரு தனிக் கதை. 2007இல் ஊழியர் ஒருவர் தனக்கு வேண்டிய கூட்டணிக்கு, பொருள்களைக் கட்டத் தேவையான அரிய ப்ளூபிரிண்ட்களைத் தள்ளிவிட்டது அம்பலமானது. அந்தக் கசப்புக்குப் பிறகு, 2008இல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ்எம் குழு வந்தது. தேர்வானவர்களை ஐஸ்லாந்துக்கு அழைத்துப் பேசினார்கள். 2011இல் கண்ணில் மாட்டும் அலங்கார ஒற்றைக் கண்ணாடிக்கு 60 டாலருக்கு மேல் விலை வைத்தபோது ஆயிரக்கணக்கானோர் ஜிட்டாவில் கூடி அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டார்கள். நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2019இல் எதிரி வருவதைக் காட்டும் லோக்கல் பட்டியலை, போலீஸே இல்லாத நல்செக் பகுதியில் எடுத்துப் பார்த்தார்கள், கூட்டம் குறைந்தது, இரண்டு மாதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். 2022இல் மாதச் சந்தா 14.99 டாலரிலிருந்து 19.99 ஆனது. இதற்கும் சத்தம் போட்டார்கள், ஆனால் விலை இறங்கவில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது 2016இல் வந்த ஸ்கில் இன்ஜெக்டர். அதுவரை திறமைகள் நிஜக் காலத்தில்தான் வளரும், பணக்காரனும் காத்திருக்கத்தான் வேண்டும். இப்போது காசு இருந்தால் அந்தக் காத்திருப்பை வாங்கிவிடலாம். தனியாளாகப் பத்துக் கணக்கு வைத்து ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். பத்துப் பேர் தேவைப்பட்ட இடத்தில் ஒருவரே போதும் என்றால் பக்கத்தில் பேச ஆள் எதற்கு? ஈவின் உயிர் எதில் இருக்கிறதோ அதைத்தான் இது அரிக்கிறது.

இப்போது நான் சந்தா கட்டுவதில்லை. 2016 நவம்பரிலிருந்து இருக்கும் இலவச ஆல்ஃபா கணக்கில் வாரத்தில் ஒரு சாயங்காலம் சந்தை பார்க்கிறேன், பழையவர்களோடு பேசுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களும் ஆல்ஃபாவிலேயே ஆரம்பிக்கட்டும், முதல் மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். வாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாதவர்கள் நல்செக் வல்லரசுகளின் பக்கம் போக வேண்டாம், வார்ம்ஹோல் சுற்றும் சின்னக் கூட்டம் சரியாக இருக்கும். தனியாகவே ஆடி முடிக்க ஒரு கதை வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

கார்ப்பில் சேர்வதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். இந்திய நேரம் இரவு எட்டு மணிக்கு எத்தனை பேர் ஆன்லைனில் இருப்பார்கள்? கப்பல் போனால் ஈடு தருவீர்களா? கட்டாயம் வர வேண்டிய சண்டைகள் மாதத்துக்கு எத்தனை? மழுப்பினால் அடுத்த கார்ப்பைப் பாருங்கள், ஆள் சேர்க்கும் சேனலில் எந்நேரமும் பத்துப் பேர் கூவிக்கொண்டுதான் இருப்பார்கள்.