பழைய ரெமிங்டன் 700-க்குப் புது பேரலா, புது ரைபிளா?

.308 தோட்டா சுடும் என்னுடைய ரெமிங்டன் 700 ரைபிளின் பேரல் (குழல்) தேய்ந்துபோனபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அதே ரைபிளில் 6.5 க்ரீட்மோர் என்ற சற்று மெல்லிய குண்டுள்ள தோட்டாவுக்கான பேரல் மாட்டுவது ஒன்று. பெர்காரா பி-14 எச்எம்ஆர், டிக்கா டி3எக்ஸ் டாக் ஏ1 மாதிரி கடை ரைபிள் வாங்குவது இன்னொன்று. நல்ல கஸ்டம் ஆக்‌ஷன் ஒன்றை வாங்கி, முழு ரைபிளையும் அதன்மேல் கட்டுவது மூன்றாவது (ஆக்‌ஷன் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டும், அதைத் தாங்கும் உடலான ரிசீவரும் சேர்ந்தது). நான் முதல் வழியில் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் எல்லோருக்கும் அல்ல. அந்த வித்தியாசம் எங்கே வருகிறது என்பதைத்தான் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் .308-இலேயே இருக்கலாமா என்பதை முடித்துவிடலாம். 700 யார்டுக்குள் சுடுபவருக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை. .308 மாதிரி ஒன்றிரண்டு தோட்டாக்களை மட்டுமே அனுமதிக்கும் போட்டிப் பிரிவில் சுடுபவரும் மாற வேண்டாம். 1000 யார்டு என்று வந்தால்தான் கதை மாறுகிறது. 10 மைல் வேகக் குறுக்குக் காற்றில் .308-இன் 175 கிரெய்ன் குண்டுக்குச் சுமார் 3 மில் (ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் கோண அளவு) ஒதுக்க வேண்டும், 6.5-இன் 140 கிரெய்ன் குண்டுக்கு 2 மில்லுக்குச் சற்று மேல் போதும். அந்தத் தூரத்தில் 1 மில் என்பது 36 அங்குலம். காற்றை எல்லோரும்தான் தவறாகக் கணிக்கிறோம், அந்தத் தவறுக்கு 6.5 குறைவான தண்டனை கொடுக்கிறது. உதைப்பும் குறைவு. அதனால் குண்டு எங்கே விழுந்தது என்பதை ஸ்கோப்பிலேயே பார்த்து அடுத்த குண்டைத் திருத்தலாம். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் .308 குண்டு 1000 யார்டை நெருங்கும்போதே ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் இறங்கித் தடுமாறத் தொடங்கும். 6.5-க்கு அதற்கு அப்பாலும் தெம்பு இருக்கும்.

சரி, 6.5 என்று முடிவாகிவிட்டால் பேரலா, ரைபிளா? ரெமிங்டன் 700 வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. .308, 6.5 க்ரீட்மோர் இரண்டின் தோட்டாவுக்கும் அடிப்பாகம் 0.473 அங்குலம்தான். அதே போல்ட், அதே மேகசின், அதே ட்ரிகர், அதே சேசிஸ் (ரைபிளைத் தாங்கும் உலோகச் சட்டம்). ஸ்கோப்பைக்கூட மாற்ற வேண்டாம், புதிதாக ஜீரோ செய்தால் (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி திருத்தினால்) போதும். மாறுவது பேரல் மட்டும்.

சட்டப்படியும் இது எளிது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் துப்பாக்கி என்பது சீரியல் எண் உள்ள ரிசீவர்தான். பேரல் வெறும் உதிரிபாகம், வீட்டு வாசலுக்கே வந்துவிடும். புது ரைபிள் என்றால் உரிமம் பெற்ற கடை, 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

இனி, என்னை முடிவெடுக்க வைத்த விஷயம். 6.5 பேரல் சீக்கிரம் தேயும்.

.308-க்கும் 6.5 க்ரீட்மோருக்கும் உச்ச அழுத்தம் ஒன்றுதான், 62,000 பிஎஸ்ஐ. வெடிமருந்தின் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 6.5-இன் துளையின் பரப்பளவு கால் பங்குக்கும் மேல் சிறியது. கிட்டத்தட்ட அதே நெருப்பு சின்னத் துளை வழியாகப் போவதால், சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறைக்கு) முன்னால் உள்ள த்ரோட் பகுதிதான் அடி வாங்குகிறது. போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுப் பார்த்தால் தெரியும்: ரைஃப்ளிங் (குண்டைச் சுழலவைக்கும் திருகுக் கோடுகள்) தொடங்கும் இடத்தில் இரும்பு, கோடையில் வற்றிய குளத்தின் தரை போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அங்கிருந்து ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் அதே பேரல் புதிது போல மினுங்கும். ஒரு பேரல் செத்துவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் அந்த முதல் சில அங்குலங்களைப் பற்றித்தான். குண்டின் வேகம் ஒரு ரவுண்டுக்கும் அடுத்ததற்கும் மாறத் தொடங்கும், காரணமில்லாமல் ஒரு குண்டு விலகிப் போகும், அரைக் கோண நிமிடத்துக்குள் (100 யார்டில் சுமார் அரை அங்குலம்) அடங்கிய குரூப் ஒரு கோண நிமிடமாக விரியும்.

நன்றாகப் பராமரித்த .308 பேரல் 5000 ரவுண்டும் அதற்கு மேலும் தாங்கும். 6.5 க்ரீட்மோர் பேரலை 2000 முதல் 3000 ரவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம். 6 மிமீ க்ரீட்மோர் என்றால் இன்னும் குறைவு. வேகமாக அடுத்தடுத்துச் சுட்டு பேரலைச் சூடேற்றினால் இந்தக் கணக்கும் கீழே இறங்கும்.

இப்போது பணத்தைப் பாருங்கள். நல்ல பேரல் பிளாங்க் (கடைந்து முடிக்காத குழல்), கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) கூலி எல்லாம் சேர்த்துச் சுமார் 800 டாலர். 2500 ரவுண்டு என்று வைத்தால் ஒரு ரவுண்டுக்கு 32 சென்ட். கடையில் வாங்கும் மேட்ச் தோட்டா ஒன்றே ஒன்றரை டாலருக்கு மேல். அதாவது அந்த பேரல் தேய்வதற்குள் தோட்டாவுக்கே நாலாயிரம் டாலர் அளவுக்குப் போய்விடும். இதற்குப் பதிலாக 1200 டாலருக்குப் புது பெர்காரா வாங்கினால் என்ன ஆகிறது? அதன் பேரலும் இதே கணக்கில்தான் தேயும். இதே 800 டாலர் கேள்வி மறுபடியும் வந்து நிற்கும். கடை ரைபிள் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே நல்ல ட்ரிகரும் சேசிஸும் வைத்திருப்பவர், அவற்றை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்குகிறார். பழைய ரைபிளை விற்று ஈடுகட்டலாம் என்றால், வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியே எத்தனை ரவுண்டு போயிருக்கிறது என்பதுதான். தேய்ந்த பேரலோடு விற்றால் பேரலின் விலையை அவர் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்.

டிக்கா மட்டும் இதில் கொஞ்சம் தனி. அதன் ஆக்‌ஷன்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறாமல் வருவதால், தோள் வைத்துக் கடைந்த ப்ரீஃபிட் பேரல்கள் (கன்ஸ்மித் இல்லாமலே நேராக மாட்டக்கூடியவை) அதற்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. கையில் ரைபிளே இல்லாமல் தொடங்குபவருக்கு நான் டிக்காவைத்தான் சொல்வேன்.

ரெமிங்டனில் அந்தச் சுகம் கிடையாது. ரிசீவருக்கு ரிசீவர் அளவு மாறும் என்பதால் ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா தட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை) அந்த ஆக்‌ஷனுக்கென்றே பார்த்து வைக்க வேண்டும். கோ கேஜ் என்ற அளவுக்கட்டையைப் போட்டால் போல்ட் மூட வேண்டும். நோ-கோ போட்டால் மூடக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நூலிழை இடைவெளிக்காகத்தான் கன்ஸ்மித்திடம் போகிறோம். நல்ல கன்ஸ்மித் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். சவேஜ் ரைபிள் பாணியில் நட் வைத்த பேரலை வீட்டிலேயே மாட்டும் வழியும் உண்டு. ஆனால் கேஜ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கஸ்டம் ஆக்‌ஷன் ஜெயிக்கும் இடமும் இதுதான். ஸெர்மாட் ஆரிஜின், இம்பாக்ட் 737ஆர் போன்றவற்றுக்கு அதே மாதிரி தோள் வைத்த ப்ரீஃபிட் பேரலை வரவழைத்து, பேரல் வைஸும் ஆக்‌ஷன் ரெஞ்சும் வைத்து ஒரு மாலையில் மாற்றிவிடலாம். வருடத்துக்கு ஒரு பேரலைத் தேய்க்கும் அளவுக்குப் போட்டிக்குப் போகிறவருக்கு, கன்ஸ்மித்துக்காகக் காத்திருக்கும் மாதங்கள்தான் உண்மையான நஷ்டம். அவர் முதலிலேயே ஆயிரத்துச் சொச்சம் டாலரை ஆக்‌ஷனில் போடுவது நியாயம். நண்பர்களுடைய கஸ்டம் ரைபிள்களில் சுட்டிருக்கிறேன், போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆனால் சொந்தமாக வைத்துப் பல பேரல் தேய்த்தவன் அல்ல நான், அதனால் அவற்றின் நீண்டகால உழைப்பைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை.

மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் நாற்பது ஐம்பது ரவுண்டு சுடுபவருக்கு ஒரு 6.5 பேரல் நாலைந்து வருடம் வரும். அவர் ரெமிங்டனை வைத்துக்கொண்டு, 1:8 ட்விஸ்டில் (8 அங்குலத்துக்கு ஒரு சுற்று) ஒரு நல்ல பேரல் போட்டு, மிச்சப் பணத்துக்கு ஒரே லாட் தோட்டாவாகப் பார்த்து மொத்தமாக வாங்கி வைக்கட்டும். கன்ஸ்மித்திடம் பெயர் கொடுப்பதை மட்டும் பழைய பேரல் முழுதாகச் சாகும் வரை தள்ளிப்போட வேண்டாம். குரூப் விரியத் தொடங்கியதுமே கொடுத்துவிடலாம்.