சொந்த ஸ்கிரிப்டிலிருந்து ஃபான்ட்மேக்குக்கு: ஒரு சேலத்து எழுத்துருப் பட்டறையின் அனுபவம்

தமிழ் எழுத்துரு செய்பவர்கள், வரைந்த எழுத்துகளைக் கோப்பாகக் கட்டத் தாங்களே எழுதிய ஸ்கிரிப்டை, அதாவது சிறு நிரலை, கைவிட்டு, அதே வேலைக்கான பொதுக் கருவியான ஃபான்ட்மேக்குக்கு மாறலாமா என்று கேட்டால், தாராளமாக மாறலாம் என்பேன். ஆனால் பழைய ஸ்கிரிப்டை அடியோடு அழித்துவிட முடியும் என்று மட்டும் எண்ண வேண்டாம். சேலத்து அச்சகங்களுக்குச் சில ஆண்டுகளாக இந்தக் கருவியைக் கொண்டே எழுத்துரு கொடுத்துவருகிறேன். எது போனது, எது போக மறுத்தது என்று இப்போது சொல்ல முடியும்.

எங்கள் பட்டறையின் வேலை தலைப்பு எழுத்துருக்கள். செவ்வாய்ப்பேட்டை அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை, ஆடி மாதக் கோயில் நோட்டீஸ், ஜவ்வரிசி மூட்டை லேபிள், ஃபிளெக்ஸ் பேனர் என்று எல்லாவற்றிலும் அவை புழங்குகின்றன. படம் வரைவது ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில். கோப்பாக்குவதற்குப் பைத்தானில் நானே எழுதிய ஸ்கிரிப்ட் இருந்தது. மூலக்கோப்பைத் திறக்கும், இலத்தீன் எழுத்துகளைச் சேர்க்கும், மெய்யெழுத்துப் புள்ளியின் இடத்தை ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் பட்டியலிலிருந்து எடுத்து வைக்கும், பெயர்களை எழுதும், சிறிய அளவிலும் திரையில் தெளிவாகத் தெரிய ஹின்ட்டிங் செய்யும், கடைசியில் நாலைந்து வகைக் கோப்புகளாகப் பிரித்துக் கொடுக்கும். நன்றாகவே ஓடியது. இதில் ஒளிவுமறைவு இல்லை: ஓடுகிற ஸ்கிரிப்டை மாற்ற யாருக்கும் மனம் வராது.

மாற வைத்தது மாறும் எழுத்துரு. மெலிந்ததிலிருந்து தடித்தது வரை ஒரே கோப்பில் வேண்டும் என்று பேனர்க்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு தடிமன்களிலும் ஓர் எழுத்தின் கோட்டில் அதே எண்ணிக்கையில், அதே வரிசையில் புள்ளிகள் இருக்க வேண்டும். ஞ-வை எடுத்துக்கொள்ளுங்கள். வரையும்போது இரண்டிலும் புள்ளிகளை எண்ணி வைத்துத்தான் வரைகிறோம். ஆனால் வரைவது முப்படி வளைவில். ட்ரூடைப் வகை எழுத்துருக் கோப்புக்குள் போவது இருபடி வளைவு. பழைய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடிமனையும் தனித்தனியாக மாற்றியது. மெல்லிய ஞ-வின் வால் சுழிக்கு இரண்டு வளைவுத் துண்டு போதும் என்று முடிவு செய்யும். தடித்த ஞ-வின் அதே சுழிக்கு மூன்று துண்டு போடும். அவ்வளவுதான், இரண்டும் இனிச் சேராது. ஃபான்ட்மேக் எல்லாத் தடிமன்களையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மாற்றுகிறது. அனைத்துக்கும் பொருந்தும் துண்டு எண்ணிக்கையைத் தேடுகிறது. வரைந்த வளைவிலிருந்து பிசக இயல்பாக விடும் எல்லை, எழுத்து வரையும் சதுரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1000 அலகுச் சதுரத்தில் வரைந்தால் 1 அலகு. பேனரில் பத்தடி உயரத்துக்குப் பெரிதாக்கினாலும் தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இதை நானே எழுதியிருக்கலாம்தான். எழுதியிருந்தால் அதைப் பராமரிப்பதே என் முழுநேர வேலையாகியிருக்கும்.

ஃபான்ட்மேக்குக்கு மாறும் வேலையில் பெரிய சிரமம் இல்லை. ஃபான்ட்ஃபோர்ஜ் கோப்பை ஃபான்ட்மேக் படிக்கும் யூஎஃப்ஓ என்ற மூலக்கோப்பு வடிவத்துக்கு மாற்றத் தனிக் கருவியே கிடைக்கிறது. யூஎஃப்ஓவில் ஓர் எழுத்துக்கு ஒரு சிறு கோப்பு என்பதால், நேற்று ழ-வில் யார் கை வைத்தது என்பதை, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலேயே பார்க்கலாம். ஃபான்ட்மேக்கை நேரடியாக அழைப்பதைவிட அதற்கு மேல் அமர்ந்திருக்கும் ஜிஎஃப்டூல்ஸ் பில்டரைப் பயன்படுத்துவது வசதி. யாமல் என்ற எளிய உரை வடிவில் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு எழுதி, அதில் மூலக்கோப்புகளைச் சொன்னால் போதும், ஹின்ட்டிங், இணையக் கோப்பு எல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது.

நான் மிகவும் ரசித்தது புள்ளியை அது கையாளும் விதம். மெய்யெழுத்துப் புள்ளி எல்லா எழுத்துக்கும் நடு உச்சியில் உட்காருவதில்லை. ம்-இல் நடுவில் நிற்கும். ட-வுக்கு மேல்கோடு கிடையாது. புள்ளி இடப்பக்கத் தூணின் தலையில் ஒட்டிவிடாமல், வலப்பக்கம் திறந்த இடத்துக்கு மேலே நிற்க வேண்டும். என் பழைய எண் பட்டியலில் இதற்கெல்லாம் எண்கள் இருந்தன. தடிமன் மாறினால் எண்ணும் மாறும். இப்போது ஒவ்வொரு எழுத்தின் படத்திலேயே, மெய்ப்புள்ளி எங்கே உட்கார வேண்டும் என்று காட்டும் ஆங்கர் என்ற குறியைக் குத்திவிடுகிறேன். ஃபான்ட்மேக்குக்குள் இருக்கும் யூஎஃப்ஓடூஎஃப்டி என்ற நூலகம் அவற்றைப் பார்த்து, இது தமிழ் எழுத்து என்று யூனிகோட் எண்ணிலிருந்து அறிந்து, பொதுவான ‘மார்க்’ அம்சத்துக்குப் பதிலாக இந்திய எழுத்துகளுக்குரிய ‘ஏபிவிஎம்’ அம்சத்தில் கொண்டுபோய் வைக்கிறது. (அம்சம் என்பது எழுத்துருக் கோப்புக்குள் இருக்கும் ஒரு விதித்தொகுப்பு.) தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மலையாள எழுத்துரு செய்யும் ஒருவர் அங்கே திருத்திய பிழையின் பலன் செவ்வாய்ப்பேட்டை நோட்டீஸ் வரை வந்து சேர்கிறது.

இதே சமர்த்துத்தனம் ஒருமுறை என்னை அச்சகத்துக்கு ஓட வைத்தது. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே கூட்டிக் குறைக்கும் இடைவெளியைப் பழைய ஸ்கிரிப்ட் ‘கெர்ன்’ அம்சத்தில் எழுதியது. புதிய கருவி தமிழ் இணைகளை ‘டிஸ்ட்’ அம்சத்தில் எழுதுகிறது. இந்திய எழுத்துகளுக்கு அதுதான் முறை. ஆனால் கெர்னிங்கைப் பயனர் மெனுவில் அணைக்கலாம். டிஸ்ட் மெனுவில் வருவதே இல்லை. எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தம் பத்திரிகை மாதிரிகள் எல்லாவற்றிலும் கெர்னிங்கைப் பூஜ்யமாக வைத்திருந்தார். புதிய கோப்பைப் போட்டதும் அணைத்து வைத்திருந்த இடைவெளிகள் உயிர்பெற்றன. தாய்மாமன் பெயர் அடுத்த வரிக்குப் போய்விட்டது. “என்ன தம்பி, எழுத்து அதேதான் என்றாய். வரி எப்படி உடைந்தது?” என்றார். பதில் சொல்ல எனக்கே எழுத்துருக் கோப்புக்குள் இருக்கும் அட்டவணையைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கருவி செய்தது சரி என்பதே இன்றும் என் கருத்து. எழுத்துகள் இப்போதுதான் நாங்கள் வரைந்த இடைவெளியில் நிற்கின்றன. ஆனால் அச்சகத்துக்குச் சரி என்பது வேறு: சென்ற வருடம் அச்சடித்தது இந்த வருடமும் அப்படியே வர வேண்டும். ஆகவே புதிய முறையில் கட்டிய எழுத்துருக்கள் புதிய பெயரிலேயே போகின்றன. பழைய பெயரில் பழைய கோப்பு அப்படியே இருக்கிறது. மாறப்போகிறவர்கள் இந்த ஒன்றையாவது முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

சோதனைக்கு நான் வைத்திருக்கும் சொற்பட்டியல் சேலம் பஸ்களின் பெயர்ப்பலகைதான். கொண்டலாம்பட்டி, அஸ்தம்பட்டி, சீலநாயக்கன்பட்டி, சூரமங்கலம், ஏற்காடு. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் கொண்டலாம்பட்டி என்ற ஒரு சொல்லிலேயே பாதி விஷயம் அடங்கிவிடுகிறது. ‘ொ’ யூனிகோடில் ஒரே குறி. அதைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னால் கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரலின் வேலை. அடுத்து ண்-இல் புள்ளி, ட்-இல் புள்ளி, டி-யில் ஒட்டிய கொக்கி. அஸ்தம்பட்டியில் கிரந்தப் புள்ளி. பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் ஹார்ஃப்பஸின் கட்டளைவரிக் கருவியால் இந்தச் சொற்களை ஓட்டி, வெளிவரும் எழுத்துப் பெயர்களையும் அகலங்களையும் வரிக்கு வரி ஒப்பிடுகிறேன். டிஸ்ட் விவகாரம் இந்த ஒப்பீட்டில் சிக்காது, ஏனென்றால் ஹார்ஃப்பஸ் இயல்பாகவே கெர்ன், டிஸ்ட் இரண்டையும் இயக்குகிறது. கெர்னை அணைத்தும் ஒருமுறை ஓட்ட வேண்டும்.

இனி, போக மறுத்தது. யூனிகோடே தெரியாத பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல். இன்றும் அதில்தான் வேலை ஓடும் அச்சகங்கள் எங்கள் பக்கம் இருக்கின்றன. அவர்களுக்கு 1999இல் அரசு தரப்படுத்திய டாம் குறியாக்கத்தில் எழுத்துரு வேண்டும்; 256 இடங்களுக்குள் தமிழ் முழுவதும் அடங்கியாக வேண்டும். 2010இல் தமிழக அரசே யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது என்று அவர்களிடம் விளக்கிப் பயனில்லை. அவர்கள் கணினியில் கிடக்கும் நூற்றுக்கணக்கான பத்திரிகை மாதிரிகள் பழைய குறியாக்கத்தில் இருக்கின்றன. இதைப் பொதுக் கருவி செய்யாது. செய்ய வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை.

இன்னொன்று பழைய எழுத்து. 1978இன் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த ணை, லை, னை வேண்டும் என்று சில குடும்பங்கள் பத்திரிகைக்குக் கேட்கும். எங்கள் எழுத்துருவில் அவை மாற்று வடிவங்களாக உள்ளன. ஆனால் அச்சகத்தில் யாரும் மெனுவில் போய் மாற்று வடிவத்தை இயக்கப்போவதில்லை. பழைய வடிவமே நேராக வரும் தனிக் கோப்பு வேண்டும். அம்சத்தை நிரந்தரமாக்கும் பொதுக் கருவி ஒன்று இருக்கிறது. அது ஒரு குறிக்கு ஒரு வடிவம் என்ற மாற்றத்தை மட்டுமே செய்யும். லை என்பதோ லகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். ஆகவே அந்த மாற்று விதியை எப்போதும் இயங்கும் அம்சத்துக்கு இடம் மாற்றும் வேலையை நானே செய்கிறேன். இந்த இரண்டும்தான் இன்று என் ஸ்கிரிப்டில் மிச்சம். இரண்டுமே ஃபான்ட்மேக் கட்டி முடித்த கோப்பின் மேல் ஃபான்ட்டூல்ஸ் நூலகத்தால் நடக்கின்றன. மூலக்கோப்பைத் தொடுவதில்லை.

குறைகளும் உண்டு. ஒரு கருவியை நிறுவினால் பின்னால் பைத்தான் நூலகங்களின் ஊர்வலமே வருகிறது. அதில் ஏதோ ஒன்று பதிப்பு மாறினால் நாம் எதையும் தொடாமலேயே கோப்பின் உள்ளடக்கம் சற்று மாறும். எனவே எல்லாப் பதிப்பு எண்களையும் பூட்டி வைத்திருக்கிறேன். திறப்பது மார்கழியில் மட்டும். ஆடியிலும் கல்யாணம் கிடையாதுதான். ஆனால் சேலத்தில் ஆடி என்றால் மாரியம்மன் பண்டிகை, ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு நோட்டீஸ், அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பிழைச் செய்தி இன்னொரு எரிச்சல். ஓர் எழுத்தில் புள்ளி எண்ணிக்கை பொருந்தாவிட்டால் திரை நிறையப் பைத்தான் வரிகள் கொட்டும். எழுத்தின் பெயர் அவற்றுக்கு நடுவே எங்கோ இருக்கும். என் பழைய ஸ்கிரிப்ட் “ஞ-வைப் பார்” என்று ஒரே வரியில் சொல்லும்.

யூனிகோட் கோப்பு மட்டும் வெளியிடுபவர்கள் யோசிக்காமல் மாறலாம். தூக்கிப் போட வேண்டியதைத் தவிர அவர்கள் ஸ்கிரிப்டில் எதுவும் மிஞ்சாது. ஒரே ஒரு தடிமனில் ஒரே ஒரு தலைப்பு எழுத்துரு வைத்திருப்பவருக்கு அவசரமே இல்லை. ஃபான்ட்மேக்கின் இடத்தைப் பிடிக்க ரஸ்ட் நிரல்மொழியில் ஃபான்ட்சி என்ற தொகுப்பி வளர்ந்துவருகிறது. வரும் மார்கழியில் பெயர்ப்பலகைப் பட்டியலை அதிலும் ஓட்டிப் பார்ப்பேன், கெர்னை அணைத்தும் அணைக்காமலும்.