கிளாஸுக்கு முகம் எங்கிருந்து வருகிறது?

புதிதாக ஒருவர் விளையாட வந்து உட்கார்ந்தால் அவரிடம் நான் முதலில் கேட்பது, "என்ன கிளாஸ் எடுக்கப் போறீங்க?" என்பதுதான். கிளாஸ் என்பது ஆட்டத்தில் அவர் ஏற்கும் பாத்திரத்தின் வகை. ஃபைட்டர் (சண்டைக்காரர்) என்றால் ஒரு மாதிரி யோசிக்க வேண்டும், விசார்ட் (மந்திரவாதி) என்றால் வேறு மாதிரி. அந்த 'வேறு மாதிரி'யை எப்படி உண்டாக்குவது என்பதில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகள் ஐம்பது ஆண்டுகளாகவே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் இருக்கும் கிளாஸ் பெயரை விரலால் மறைத்துவிட்டாலும், ஆட்டக்காரர் எடுக்கும் முடிவுகளைப் பார்த்தே அவர் யார் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிட வேண்டும்.

மிகப் பழைய வழி வேலி போடுவது. 1974இல் வந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்றே கிளாஸ்கள்: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக் (சமயகுரு). மேஜிக் யூசருக்குக் கவசம் கிடையாது, ஆயுதம் என்றால் குத்துவாள் மட்டும். கிளெரிக் கூரான ஆயுதத்தைத் தொடக்கூடாது. மந்திர வாள் கிடைத்தால் அது ஃபைட்டருக்குத்தான். எது உனக்குக் கிடையாது என்பதை வைத்தே நீ யார் என்று தெரிந்துவிடும். கரடுமுரடான முறைதான், ஆனாலும் அந்த மூவரையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

சிக்கல் 1975இல் தீஃப் (திருடன்) என்ற கிளாஸ் வந்ததும் தொடங்கியது. அதுவரை ஒளிந்து நடப்பது, பொறியைத் தடவிப் பார்ப்பது எல்லாம் யார் வேண்டுமானாலும் வாயால் சொல்லிச் செய்கிற வேலை. தீஃபுக்கென்று சதவீத அட்டவணை வந்த பிறகு, அது தீஃபின் வேலை, மற்றவர்கள் கை வைக்கக் கூடாது என்று பல குழுக்கள் எடுத்துக்கொண்டன. சரி, அவ்வளவு பெரிய வேலி போட்டு உள்ளே என்ன வைத்தார்கள்? அதே விளையாட்டின் 1981 பேசிக் பதிப்பில் முதல் லெவல் தீஃப் பூட்டைத் திறக்க 15 சதவீதம், பொறியைக் கண்டுபிடிக்க 10 சதவீதம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அவர் பூட்டின் முன் மண்டியிட்டுப் பகடையை உருட்டுவார். நூற்றுக்கு 85 தடவை பூட்டு அப்படியே இருக்கும். சுவர் ஏறுவதில் மட்டும் 87 சதவீதம். வேலி போட்டால் உள்ளே விளைச்சல் இருக்க வேண்டும். இங்கே ஊருக்குப் பொதுவாக இருந்ததைப் பறித்து, ஒருவருக்கு அரைகுறையாகக் கொடுத்தார்கள்.

வேலியைப் பிடுங்கிப் போட்டது 2000இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு. பதினொரு கிளாஸ், ஒவ்வொரு லெவலுக்கும் விரும்பியதை எடுத்துக் கலந்துகொள்ளலாம். கேட்க அருமையாக இருக்கும். நடந்தது என்னவென்றால், கிளாஸ் என்பது மளிகைச் சாமான் ஆகிவிட்டது. காட்டை அறிந்த வீரரான ரேஞ்சரில் ஒரே ஒரு லெவல் எடுத்தால் இரண்டு கையிலும் ஆயுதம் பிடிக்கும் திறமை மொத்தமாகக் கிடைத்துவிடும். அதை மட்டும் அள்ளிக்கொண்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 2003இல் வந்த திருத்தத்தில் அதை இரண்டாம் லெவலுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. காட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ரேஞ்சர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே 2000ஆம் ஆண்டுப் புத்தகத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த கிளாஸ் வடிவமைப்பும் இருக்கிறது: சார்சரர். விசார்டுக்கும் சார்சரருக்கும் மந்திரப் பட்டியல் ஒன்றேதான். வித்தியாசம் எல்லாம் பயன்படுத்தும் முறையில். விசார்ட் காலையிலேயே அன்றைக்கு எந்த மந்திரம், எத்தனை தடவை என்று முடிவு செய்துவிட வேண்டும். ஃபயர்பால் இரண்டு வேண்டும் என்றால் இரண்டு இடம் ஒதுக்க வேண்டும். அதனால் விசார்ட் ஆடுபவர் படுக்கப்போகும் முன்பே நாளைய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று துருவிக் கேட்பார், வரைபடத்தைப் புரட்டுவார். சார்சரருக்குத் தெரிந்த மந்திரங்கள் குறைவு. இரண்டாம் நிலை மந்திரங்கள் அவருக்கு ஒரு லெவல் தள்ளித்தான் வரும், அதாவது நான்காம் லெவலில். ஆனால் தெரிந்ததை நினைத்த நேரத்தில், அதிக முறை வீசலாம். கதவை உதைத்துத் திறந்த பிறகு யோசித்தால் போதும். ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு மனிதர்கள். பெயரை மறைத்தாலும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இது கலைந்துபோனது எனக்கு இன்னும் வருத்தம். அதில் விசார்ட் காலையில் ஒரு பட்டியலை மட்டும் தயாராக்குவார். அப்புறம் அதிலிருந்து எதையும் எத்தனை முறையும், ஸ்லாட் (அன்றைக்கு மந்திரம் வீசக் கிடைக்கும் வாய்ப்பு) இருக்கும்வரை வீசலாம். சார்சரரின் தனிச்சொத்து விசார்டுக்குப் போய்விட்டது. இருபதாம் லெவலில் சார்சரருக்குத் தெரிந்த மந்திரங்கள் 15. இன்டெலிஜென்ஸ் (அறிவுத்திறன் புள்ளி) 20 உள்ள விசார்ட் அதே லெவலில் தயார் செய்வது 25. மந்திரத்தை வளைக்கும் மெட்டாமேஜிக்கைக் கொடுத்து ஈடுகட்டப் பார்த்தார்கள். நல்ல கருவிதான். ஆனால் ஆட்டக்காரரின் யோசனையே வேறாக இருந்த காலம் போய்விட்டது.

நடுவில் 2008இல் வந்த நான்காம் பதிப்பு, சண்டையில் உன் பொறுப்பு என்ன என்பதிலிருந்து தொடங்கியது. டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கன்ட்ரோலர் என்று நான்கு பொறுப்புகள். எல்லா கிளாஸும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது என்று பலர் கோபப்பட்டார்கள். புத்தகத்தைப் புரட்டினால் அப்படித்தான் தெரியும். விளையாடிப் பார்த்தால் கதை வேறு. ஃபைட்டர் அடித்த எதிரி 'மார்க்' ஆவான். அவன் ஃபைட்டரை விட்டுவிட்டு வேறொருவரைத் தாக்கினால் தாக்குதலில் 2 குறையும். அவன் பக்கத்திலேயே நின்றால் ஃபைட்டர் குறுக்கே புகுந்து ஓர் அடியும் போடலாம். "என்னைத் தாண்டிப் போ பார்க்கலாம்" என்று வசனம் பேச வேண்டியதில்லை, விதியே பேசும். வார்லார்ட் (படைத்தலைவர்) கிளாஸ் அதைவிட அழகு. மந்திரமே இல்லாமல், ஒரு குரல் கொடுத்து விழுந்தவரை எழுப்புவார். சண்டை என்ற அளவில் இதைவிடத் தெளிவான முகங்களை வேறு எந்தப் பதிப்பிலும் நான் காணவில்லை. சண்டை முடிந்து சந்தைக்குள் நுழைந்தால் அந்த முகங்கள் மங்கிவிடும், அது உண்மை.

கிளாஸே வேண்டாம் என்ற பள்ளியும் உண்டு. 1978இல் வந்த ரூன்குவெஸ்டில் பயன்படுத்தப் பயன்படுத்தத் திறமை வளரும். ஆடி முடித்த பிறகு உன் பாதை தெரியும், ஆட உட்காரும்போது தெரியாது. பழகியவர்களுக்குச் சொர்க்கம். புதியவர் கையில் கொடுத்தால் ஷீட்டையே வெறித்துப் பார்ப்பார்.

அந்தப் புதியவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது 2012இல் வந்த டஞ்சன் வேர்ல்ட். அதில் ஒவ்வொரு கிளாஸும் தனித் தாள்: பிளேபுக். பாலடின் (புனிதப் போர்வீரர்) தாளில் 'குவெஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. பிரார்த்தனை செய்து ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டால் இரண்டு வரங்கள் வரை கேட்கலாம், பதிலுக்கு என்ன விரதம் என்பதை ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் சொல்வார். ஒரு முறை எங்கள் பாலடின் நெருப்பு தன்னைத் தீண்டக்கூடாது என்று கேட்டார். வாய்மை விரதம் விதித்தேன், பொய் கூடாது. அரை மணி நேரத்தில் கோட்டை வாசலில் காவலன், "யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டான். மற்ற மூவரும் வணிகர் வேஷம். எல்லோரும் பாலடினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "உன் எஜமானரைத் தடுக்க வந்திருக்கிறேன்" என்றார். விளையாட ஆரம்பித்து அது அவருக்கு இரண்டாவது நாள்தான்.

இதற்கும் குறை உண்டு. ஒரே தாளை இருவர் எடுக்க முடியாது. பத்து லெவலில் ஏணி முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஓடும் ஆட்டத்துக்கு இப்போது நான் எடுப்பது 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு. அதில் வேறு கிளாஸ் பக்கம் போகலாம், ஆனால் அங்கே இன்னும் இரண்டு ஃபீட் (சிறப்புத் திறமை) எடுக்காமல் மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஒரு லெவல் மட்டும் அள்ளிக்கொண்டு ஓடும் பழக்கத்துக்கு நல்ல மருந்து.

இருந்தாலும் பூட்டிய கதவு ஒன்று எதிரே வந்தால் என் மனம் அந்த ஒற்றைத் தாளுக்கே போகிறது. டஞ்சன் வேர்ல்டில் ஃபைட்டர் கதவை உடைக்கும்போது நான்கு நன்மைகளில் சிலதைத்தான் எடுக்க முடியும்: நேரம் ஆகாது, பெரிய சத்தம் வராது, மதிப்புள்ள எதுவும் சேதமாகாது, பிறகு எளிதாகச் சரிசெய்யலாம். பகடை சுமாராக விழுந்தால் இரண்டு மட்டும். போன வாரம் எங்கள் ஃபைட்டர் பென்சிலை உருட்டிக்கொண்டே யோசித்தார். உள்ளே ஒரு குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டது. "நேரம் ஆகக்கூடாது, உள்ளே எதுவும் உடையக்கூடாது" என்றார். "சத்தம் கேட்டு வர்றவங்க வரட்டும்."